தோயென் அருங்காட்சியகத்து ஈடா

ஒவ்வொரு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் ஒரு செல்லப்பிள்ளை இருக்கும். உள்ளே ஆயிரக்கணக்கான பொருட்கள் இருந்தாலும், வாசலில் நுழையும் பிள்ளைகள் ஒன்றின் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் அருங்காட்சியகத்துக்குக் கிளோட் என்ற அலிகேட்டர் முதலை, 2025இல் அது இறக்கும்வரை, அப்படி இருந்தது. 1995இல் முட்டையிலிருந்து வந்தபோதே அதன் தோல் வெள்ளை. 2008இல் அது அந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 2025இல் அதன் 30ஆவது பிறந்தநாளை ஊரே சேர்ந்து கொண்டாடியது. லண்டனில் மச்சான், மச்சாள் வீட்டுக்கு விடுமுறைக்குப் போனவர்களுக்கு டிப்பி தெரிந்திருக்கும். 2017 வரை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முன்மண்டபத்தில் நின்ற டைனோசர் அது. உண்மையான எலும்புகூட இல்லை, வெறும் வார்ப்புத்தான். ஆனாலும் அதை அங்கிருந்து எடுத்தபோது எத்தனையோ பேர் கவலைப்பட்டார்கள்.

ஒஸ்லோவில் எங்கள் செல்லப்பிள்ளை தோயெனில் இருக்கிறாள். பெயர் ஈடா.

நான் முதல்முறை அந்தப் பெயரை வீட்டில் சொன்னபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னது, ஈடாவோ? எந்த நகையை ஈடு வைக்கிறாய்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் அடகுக்கு ஈடு என்றுதான் சொல்வார்கள். இல்லை அம்மா, அது 4 கோடி 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முதல் செத்துப்போன ஒரு குட்டி என்று விளங்கப்படுத்தினேன். அம்மா சிரிக்கவில்லை. அது 2009 மே மாதம். எங்கள் வீட்டில் யாருமே சிரிக்காத மாதம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஈடாவின் கதை.

ஏரிக்கரையில் ஒரு குட்டி

யேர்மனியில் டாம்ஸ்டாட் நகருக்குப் பக்கத்தில் மெசெல் என்ற சிறிய ஊர் இருக்கிறது. இன்று அங்கே குளிர்காலத்தில் தடித்த உடுப்பு வேண்டும். 47 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. வெக்கையும் ஈரமும் நிறைந்த காடு. நடுவே, எரிமலை வெடித்த பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிய ஆழமான ஏரி. ஏரியில் ஆமைகளும் முதலைகளும் இருந்தன. அந்த முதலைகளில் சில, கிளோட்டைப் போன்ற அலிகேட்டர்களுக்குத் தூரத்து உறவு. கரையில் பூனை, நாய் அளவான குதிரைகள் திரிந்தன. இரவில் வௌவால்கள் பறந்தன.

ஏரியின் அடியில் பிராணவாயு இல்லை. அங்கே போய் விழுந்த உடலை எந்த விலங்கும் தின்னவில்லை, எந்த நீரோட்டமும் கலைக்கவில்லை. மெல்லிய சேறு ஆண்டாண்டாக மேலே படிந்து கல்லாகியது. அதனால்தான் மெசெலில் கிடைக்கும் புதைபடிவங்களில் மயிரின் தடம் தெரிகிறது, வயிற்றில் கிடந்த கடைசிச் சாப்பாடு தெரிகிறது, வண்டுகளின் முதுகில் இன்னும் நிறம் மினுங்குகிறது.

ஈடா அந்தக் காட்டு மரங்களில் வாழ்ந்தவள். குரங்குகள், லெமூர்கள், தேவாங்குகள், மனிதர் எல்லோரும் ஒரே பெரிய குடும்பம். அறிவியல் தமிழில் முதனிகள் என்பார்கள். அந்தக் குடும்பத்தின் மிகப் பழைய பிள்ளைகளில் ஒருத்தி அவள். வாலோடு சேர்த்து 58 சென்ரிமீற்றர் நீளம். அதில் பாதிக்கு மேல் வால். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பாற்பற்களும், அவற்றுக்குக் கீழே முளைக்கக் காத்திருந்த நிரந்தரப் பற்களும் தெரிந்தன. அதிலிருந்து அவளுக்கு ஒன்பது, பத்து மாதம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆண் குட்டிகளுக்கு இருக்கவேண்டிய ஒரு சிறிய எலும்பு இல்லாததால் பெண் என்று அறிந்தார்கள். வயிற்றில் இலையும் பழமும் இருந்தன. விரல்களில் எங்களைப் போலத் தட்டையான நகங்கள்.

ஒரு மணிக்கட்டு முறிந்து, அரைகுறையாகப் பொருந்தியிருந்தது. இதை வைத்து ஆய்வாளர்கள் ஒரு ஊகம் சொன்னார்கள். கை முறிந்ததால் அவளால் மரத்தில் சரியாக ஏற முடியாமல் போயிருக்கலாம். தண்ணீர் குடிக்க ஏரிக்கரைக்கே இறங்கி வந்திருக்கலாம். ஏரியிலிருந்து கிளம்பிய நச்சுவாயுவில் மயங்கி உள்ளே விழுந்திருக்கலாம். இது ஊகம் மட்டுமே. ஆனால் முறிந்த கை ஊகம் இல்லை, அது எலும்பில் இருக்கிறது.

இரண்டு நாடுகளில் இரண்டு பாதிகள்

மெசெலில் எண்ணெய்க் கல்லைத் தோண்டி எடுக்கும் பெரிய சுரங்கம் இருந்தது. 1970களில் அது மூடப்பட்டபின், அந்தப் பள்ளத்தைக் குப்பை கொட்டும் இடமாக்கத் திட்டம் போட்டார்கள். ஊர்மக்களும் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்காக எதிர்த்துப் போராடினார்கள். கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1995இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. குப்பை வென்றிருந்தால் இன்று மெசெலின் பெயரே யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1983இல், தனியார் சேகரிப்பாளர்கள் அங்கே ஒரு கல்லைப் பிளந்தார்கள். உள்ளே ஈடா. புத்தகத்தை விரித்ததுபோல, அவளுடைய உடல் இரண்டு பலகைகளிலும் பாதி பாதியாகப் பிரிந்துபோனது. மெசெல் கல்லில் தண்ணீர் அதிகம். காயவிட்டால் வெடித்துத் தூளாகிவிடும். ஆகவே எலும்புகளைக் கல்லிலிருந்து பிசினுக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள்.

பிறகு இரண்டு பாதிகளும் இரண்டு திசையில் போயின. குறைவான பாதி அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்தில் உள்ள ஒரு அருங்காட்சியகத்துக்கு 1991இல் விற்கப்பட்டது. முழுசாகத் தெரியவேண்டும் என்பதற்காக யாரோ அதில் இல்லாத பகுதிகளைச் செய்து ஒட்டியிருந்தார்கள். யேர்மன் ஆய்வாளர் யென்ஸ் பிரான்சென் அதைப் பரிசோதித்து, எது உண்மை, எது ஒட்டு என்று பிரித்துச் சொன்னார். கிட்டத்தட்ட முழு உடலும் இருந்த நல்ல பாதி, எங்கே என்று யாருக்கும் தெரியாமல், இருபது ஆண்டுகளுக்கு மேல் தனியார் வீட்டில் கிடந்தது.

2006 டிசம்பரில் ஹம்பேர்க் நகரில் கல், புதைபடிவச் சந்தை நடந்தது. ஒஸ்லோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் யோர்ன் ஹுரூம் அங்கே போயிருந்தார். ஒரு வியாபாரி அவருக்கு ஒரு படத்தைக் காட்டினார். விலையாகக் கேட்டது ஒரு மில்லியன் டொலருக்கு மேல். ஹுரூமுக்குத் தூக்கம் வரவில்லை. வாங்காவிட்டால் அது இன்னொரு பணக்காரரின் வீட்டுக்குள் போய்விடும். பிறகு யாருமே பார்க்க முடியாது. ஒஸ்லோ அருங்காட்சியகம் பணம் திரட்டி அவளை வாங்கியது.

ஹுரூமுக்கு அப்போது ஒரு சின்ன மகள் இருந்தாள். அவளுக்கும் பாற்பல் விழும் பருவம். அவளுடைய பெயரையே இந்தக் குட்டிக்கும் வைத்தார். அப்படித்தான் ஈடா ஈடா ஆனாள்.

நோர்வே கொண்டாடிய வாரம்

2009 மே மாதத்தின் நான்கு நாட்களை என்னால் மறக்க முடியாது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மே 16, சனிக்கிழமை. மொஸ்கோவில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அலெக்சாண்டர் ரிபாக் வயலினோடு பாடி நோர்வேக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தார். மே 17, ஞாயிறு. தேசிய நாள், தெரு முழுக்கக் கொடியும் ஐஸ்கிறீமும். மே 18, திங்கள். முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. மே 19, செவ்வாய். நியூயோர்க்கில் ஈடாவை உலகத்துக்குக் காட்டினார்கள்.

அதற்கு முந்திய மாதங்களில் அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து நேரே ஊர்வலங்களுக்குத்தான் போவார்கள். அந்தத் திங்களுக்குப் பிறகு எங்கும் போகவில்லை. தொலைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். வன்னியில் இருந்த பெரியம்மா குடும்பத்திடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தமிழ்த் தொலைக்காட்சி இரவும் பகலும் ஓடியது. எங்களை அந்த அறைக்குள் வரவேண்டாம் என்றார்கள்.

பாடசாலையில் வேறு உலகம். ஆசிரியர் பத்திரிகையில் வந்த ஈடாவின் படத்தை வெட்டிப் பலகையில் ஒட்டியிருந்தார். நோர்வேயின் சிறிய அருங்காட்சியகம் ஒன்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்துவிட்டது என்று அவருக்குப் பெருமை. காணாமற்போன கண்ணி கிடைத்துவிட்டது என்று சொன்னார். குரங்கையும் மனிதனையும் இணைக்கிற கண்ணி. பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது என்று நீ வகுப்புக்குச் சொல்ல முடியுமா?" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் எழும்பி நின்றேன். என்னிடம் சொல் இல்லை. நோர்வேஜியனிலும் இல்லை, தமிழிலும் இல்லை. பலகையில் இருந்த அந்தச் சுருண்ட குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்ணி என்று சொன்னார்கள்

நியூயோர்க் விழா ஒரு சினிமா வெளியீடு போல நடந்தது. நகர முதல்வர் மைக்கேல் புளூம்பேர்க் வந்திருந்தார். அதே நாளில் ஆய்வுக் கட்டுரை இணைய இதழில் வெளிவந்தது. புத்தகமும் தயார், தொலைக்காட்சிப் படமும் தயார். இரண்டுக்கும் 'கண்ணி' என்றே பெயர். அடுத்த நாள் கூகுள் தன் முகப்பில் ஈடாவின் படத்தைப் போட்டது. எல்லாவற்றையும் மாற்றப்போகும் கண்டுபிடிப்பு என்று விளம்பரங்கள் சொல்லின. டார்வின் பிறந்து 200 ஆண்டு நிறைந்த வருடம் அது. அதனால் அறிவியல் பெயர் டார்வினியஸ் மசில்லே. மசில்லா என்பது மெசெல் ஊரின் பழைய பெயர்.

கட்டுரை இவ்வளவு சத்தம் போடவில்லை. ஈடா எங்கள் நேரடி மூதாதை என்று அது அடித்துச் சொல்லவில்லை. முதனிக் குடும்பத்தில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒன்றில் லெமூர்களும் தேவாங்குகளும். மற்றதில் குரங்குகளும் மனிதர்களும். லெமூர்களுக்குக் கீழ்ப்பற்கள் சீப்புப் போல இருக்கும். கால்விரல் ஒன்றில் மயிர் கோதும் கூரிய நகம் இருக்கும். ஈடாவிடம் இரண்டும் இல்லை. ஆகவே அவள் எங்கள் கிளைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்றது கட்டுரை. அந்த 'இருக்கலாம்' விழா மேடைக்கு வரும்போது உதிர்ந்துபோய்விட்டது.

அதே ஆண்டு ஒக்டோபரில் பதில் வந்தது. எரிக் சைபர்ட் என்ற ஆய்வாளரின் குழு எகிப்தில் கிடைத்த, 37 மில்லியன் ஆண்டு பழைய இன்னொரு விலங்கைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதியது. வாழ்கின்ற, அழிந்த 117 முதனிகளின் 360 இயல்புகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு: ஈடா லெமூர், தேவாங்குப் பக்கத்தைச் சேர்ந்தவள். எங்கள் பக்கம் இல்லை.

சீப்புப்பல் இல்லையே என்று கேட்பீர்கள். இப்படி யோசித்துப் பாருங்கள். என் பூட்டிக்கு நோர்வேஜியன் தெரியாது. அதற்காக அவர் எங்கள் குடும்பம் இல்லை என்று சொல்லலாமா? குடும்பத்துக்கு அந்த மொழி பிறகுதான் வந்தது. சீப்புப்பல்லும் அப்படித்தான். அந்தக் கிளையில் பின்னால் வந்த இயல்பு அது. முன்னால் வாழ்ந்தவளிடம் இல்லாதது அவளை வெளியே தள்ளாது.

ஈடாவின் குழு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது ஒக்டோபர் முடிவைத்தான். கண்ணி என்ற கதை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

அம்மம்மாவின் தேவாங்கு

இங்கேதான் கதை எங்கள் பக்கம் திரும்புகிறது. தேவாங்கு என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். விடிய எழும்பிக் கண்ணை விரித்துக்கொண்டு நின்றால், "என்ன, தேவாங்கு மாதிரி முழிக்கிறாய்?" என்று என் அம்மம்மா கேட்பார். அது ஏதோ பேய் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தேவாங்கு பேய் இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும், உள்ளங்கையில் அடங்கக்கூடிய இரவு விலங்கு. மெலிந்த கைகால், முகம் முழுக்கக் கண். தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கடவூரில், 11,806 ஹெக்டேர் காட்டை 2022இல் தேவாங்குகளுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அதுவே முதலாவது.

இலங்கையின் வடபக்க உலர்காடுகளிலும் ஒரு வகைத் தேவாங்கு இருக்கிறது. 1930களில் கொழும்பு மருத்துவக் கல்லூரியில் கற்பித்த ஒஸ்மன் ஹில் 1933இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் கடைசிச் சொல் 'நோர்டிகஸ்'. வடக்கைச் சேர்ந்தது என்று பொருள். அவர் நினைத்தது இலங்கையின் வடக்கை. ஒஸ்லோவில் இருந்து அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வடக்கும் ஒரே சொல்லுக்குள் இருந்தன.

ஆக, பலகையில் ஒட்டியிருந்த அந்தக் குட்டி, நோர்வே கொண்டாடிய அந்த ஈடா, அம்மம்மாவின் காட்டு விலங்குக்குத்தான் கிட்டிய சொந்தம். ஒன்பது வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால் வகுப்பில் சொல்ல ஒரு விடயம் இருந்திருக்கும்.

பாலமாக நிற்பது

நோர்வேயில் வளர்ந்த உங்கள் எல்லோருக்கும் 'ப்ரூபிகர்' என்ற சொல் தெரியும். பாலம் கட்டுபவர். எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பாராட்டும்போது அதைத்தான் சொல்வார்கள். இரண்டு கலாசாரத்துக்கும் நடுவில் நீங்கள் பாலம் என்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். வரி அலுவலகக் கடிதத்தைப் படித்துச் சொல், மருத்துவரிடம் அம்மாவின் நோவை விளங்கப்படுத்து, ஊருக்குப் போனால் நோர்வே எப்படி என்று சொல். எனக்கு இதில் வெறுப்பு இல்லை. பல நாள் பெருமையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் பாலத்தில் எல்லோரும் நடந்து போவார்கள், யாரும் அங்கே தங்குவதில்லை. அந்த மே மாதம் வகுப்பில் நின்றபோது, இரண்டு கரையையும் தாங்க என்னால் முடியவில்லை. அதை ஒரு குறையாக நெடுநாள் சுமந்தேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு மழை நாளில் தற்செயலாகத் தோயெனுக்குப் போனேன். 2009க்குப் பிறகு என்ன நடந்தது என்று அதன்பின்தான் தேடி வாசித்தேன். கண்ணி என்ற பட்டம் போனபின் ஈடாவையும் மூலையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒரு சின்னப் பெடியன் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "அவளுக்குக் கை நோகுதா?" என்று தகப்பனிடம் கேட்டான். கண்ணியா, இல்லையா என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவன் கேட்டதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் பட்டது. கண்ணி இல்லையென்று ஆனபிறகும் ஈடாவிடம் எதுவும் குறையவில்லை. இவ்வளவு முழுமையாகக் கிடைத்த பழைய முதனி வேறு இல்லை. பாற்பல் இருக்கிறது, கடைசியாகத் தின்ற இலை இருக்கிறது, முறிந்து பொருந்திய கை இருக்கிறது. அவள் எதையும் எதோடும் இணைக்கப் பிறக்கவில்லை. ஒரு காட்டில் பத்து மாதம் வாழ்ந்தாள். மற்றதெல்லாம் எங்கள் தேவைக்காக நாங்கள் அவள்மேல் ஏற்றியது.

பெரியம்மாவிடமிருந்து அந்த ஆண்டு ஆடி மாதம் முகாமிலிருந்து தகவல் வந்தது. பெரியப்பாவைப் பற்றி இன்றுவரை இல்லை. இதை நான் இப்போது யாருக்கும் விளங்கப்படுத்துவதற்காக எழுதவில்லை. அது என் வாழ்க்கையில் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

தோயெனுக்குப் போவது சுகம். குருருட் பள்ளத்தாக்கிலிருந்து நகருக்கு வரும் சுரங்க ரயில் எல்லாமே அங்கே நிற்கும். 1814இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குள் நடந்து போனால் அருங்காட்சியகம் வந்துவிடும். தம்பி, தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். முடிந்தால் அம்மம்மாவையும். ஈடாவுக்கு முன்னால் நின்று, உங்கள் ஊர்த் தேவாங்குக்குச் சொந்தக்காரி என்று சொல்லுங்கள். என்ன சொல்கிறார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். என் அம்மம்மா நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "பாவம், சாப்பிட்ட உடனே செத்திருக்கு."